கதைமாந்தரும் நம் கண்ணீரும்

ஒரு நூலைப் படித்து முடித்த மாணவன் ஒருவன், அதனை மூடி வைத்த பின்னரும் எழாது அவ்விடத்திலேயே அமர்ந்திருக்கின்றான். விடுதியில் உணவு மணி அடிக்கின்றது. அவன் செவியில் அது விழவில்லை. அந்நூலில் வந்த ஒருவன் இறந்துவிட்டான். இறந்தவன் ஒருபொழுதும் பிறந்தவனல்லன் என்பதை அம்மாணவன் நன்கறிவான். ஆயினும் அவன் நெஞ்சு கனக்கின்றது. அருகிருக்கும் தோழர் காரணம் வினவ, நாணித் தலை குனிகின்றான். "கதைக்காகவா அழுகின்றாய்?" என்னும் நகைப்புக்கு அஞ்சுகின்றான். நூல்களோடு பழகும் அன்பர்களுள் இந்நிலையை ஒருமுறையேனும் எய்தாதார் மிகச் சிலரே ஆவர்.

இவ்வன்பு அறியாமையின்பாற் பட்டதா? இல்லாத ஒருவன்பொருட்டு உள்ளம் உருகுதல் எங்ஙனம் இயலும்? அவ்வுருக்கத்தால் நமக்கு விளைவது நலமா, கேடா? இவ்வினாக்களுக்கு விடை காண மேல்நாட்டு நூல்களை முதற்கண் நாட வேண்டுவதில்லை. யான் பிறந்து வளர்ந்த மயிலம் வட்டாரத்தில், எழுத்தறியாத மக்களும் பல தலைமுறைகளாக இவற்றுக்கு ஒரு விடையைத் தம் வாழ்விலேயே கண்டு வைத்துள்ளனர். அவ்விடையை எடுத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மயிலம் என்பது விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே அமைந்த சிற்றூர். அங்குள்ள குன்றின்மேல் முருகப்பெருமான் கோயில் கொண்டுள்ளார். சூரபதுமன் அப்பெருமானுக்கு ஊர்தியாகும் பேறு வேண்டி மயில் வடிவ மலையாய் நின்று தவம் புரிந்தான் என்றும், அதனாலேயே அவ்வூர் மயிலம் எனப் பெயர் பெற்றது என்றும் தலவரலாறு கூறும். எனவே எங்களூர்ச் சிறுவனுக்குக் கதைமாந்தர் என்போர் ஏட்டில் மட்டும் உறைபவர் அல்லர். காலையில் கண் விழித்து வாயிலுக்கு வந்தால் எதிரே நிற்கும் மலையே ஒரு கதைமாந்தன். அவனும் கதையின் தலைவன் அல்லன். தலைவனோடு போர் புரிந்து தோற்றவன். கந்தபுராணக் கதையைக் கேட்கும் சிறார் முருகன் வென்றதற்கு மகிழ்வர், மகிழ்ந்தபின், "சூரன் பாவம் இல்லையா?" என்றும் கேட்பர். பகைவன்பாலும் பரிவு கொள்ளும் அவ்வினாவில்தான் கதைமாந்தர்மீது நாம் கொள்ளும் அன்பு தொடங்குகின்றது.

ஈண்டு ஒன்று தெளிவுபடுத்துதல் வேண்டும். வழிபடும் அன்பர்க்கு முருகன் வரலாறும் பாரதமும் புனைவுகள் அல்ல, தெய்வ வரலாறுகளேயாம். அந்நம்பிக்கையைக் குறித்து வாதம் செய்வது நம் கருத்தன்று. மெய்யென நம்பிக் கேட்பவனுக்கும், புனைவென அறிந்து நாவல் படிப்பவனுக்கும் கண்ணீர் ஒரே வழியாகத்தான் வருகின்றது என்பதே யாம் ஈண்டு நோக்குவது.

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் திரௌபதியம்மன் கோயில்கள் மிகுதி. செஞ்சியை அடுத்த மேலச்சேரியில் உள்ள கோயில் அவற்றுள் தொன்மையானதாகப் போற்றப்படுவது. அமெரிக்க அறிஞராகிய ஆல்ஃப் ஹில்டபைட்டல் இவ்வழிபாட்டைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1988-இலும் 1991-இலும் இரு பெருநூல்கள் வெளியிட்டார். இக்கோயில்களிற் பாரதத் திருவிழா நிகழும் நாட்களில், பகற்பொழுதில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தை இசையோடு படித்துப் பொருள் விரித்துரைப்பார். இரவு முழுதும் தெருக்கூத்து நடைபெறும். பகலிற் செவியாற் கேட்ட கதையை மக்கள் இரவிற் கண்ணாற் காண்பர். இவ்வாறு பத்து நாளோ பதினெட்டு நாளோ ஓர் ஊர் முழுவதும் பாண்டவரோடு வாழ்கின்றது.

அவ்வாழ்வு எத்துணை ஆழமானது என்பதைத் துகிலுரிதற் கூத்தன்று காணலாம். துச்சாதனனாக வேடம் புனைந்தவர், அம்மனாக நிற்கும் திரௌபதி வேடத்தாரின் சேலையைத் தொடுமுன்னர், தாம் செய்யப்போகும் பிழையைப் பொறுத்தருளுமாறு வணங்கி வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அவையோரில் பலர் கைகூப்பி எழுந்து நிற்பர், கருப்பூரம் ஏற்றப்படும். இறுதி நாளன்று ஊர்ப்பொதுவிடத்தில் மண்ணால் துரியோதனனின் மிகப்பெரிய உருவத்தைப் படுத்த நிலையில் அமைப்பர். இதனைப் படுகளம் என்பர். வீமன் வேடத்தார் அவ்வுருவின் தொடையைப் பிளக்க, திரௌபதி தன் விரித்த கூந்தலை முடிப்பாள். அவ்விடத்திலும் துரியோதனனுக்காக ஒப்பாரி வைத்து அழும் குரல் எழும். மாலையில் தீமிதி நிகழும். தருமர் பட்டாபிடேகத்தோடு விழா நிறைவெய்தும்.

இம்மக்கள் கூத்தை மெய்யென மயங்கி அழுகின்றனர் என்று சிலர் கருதலாம். அது பொருந்தாது. கூத்தாடுவோர் பலர் அவ்வூராருக்குத் தெரிந்தவரே. பகலில் நிலத்தில் உழைத்து இரவில் கட்டை கட்டி ஆடுவோரும் அவருள் உளர். கட்டியங்காரன் அடிக்கடி தோன்றி ஊர்ச்செய்திகளைக் கேலி செய்து, இது கூத்து என்பதை எல்லார்க்கும் நினைவூட்டிக் கொண்டேயிருக்கின்றான். அவன் நகைச்சுவைக்குச் சிரித்த அதே பெண்மணி, அடுத்த நாழிகையில் அபிமன்யு வீழ்ந்தானெனக் கேட்டு முன்றானையால் கண்களைத் துடைக்கின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும், முடிவும் தெரியும், ஆண்டுதோறும் தெரியும். தெரிந்தே அழுகின்றாள். ஆதலின் கதைமாந்தர்மீது கொள்ளும் அன்பு அறியாமையால் விளைவது என்னும் கூற்று நிலைபெறாது.

இவ்வட்டாரங்களில் மற்றொரு வழக்கமும் உண்டு. ஒருவர் இறந்தால், அவருடைய கருமக் கிரியைக்கு முன்னிரவு 'கர்ண மோட்சம்' என்னும் கூத்தை நடத்துவிப்பர். அக்கூத்தில் போருக்குச் செல்லும் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகின்றான். அவள் அவனுடைய பிறப்பை இழித்துரைக்கின்றாள். தான் குந்தியின் மகன் என்னும் மறையை அவன் வெளியிடுகின்றான். பின்னர்க் களம் புகுந்து, தன் புண்ணியம் அனைத்தையும் வேதியனாக வந்த கண்ணனுக்குத் தாரை வார்த்து மோட்சம் அடைகின்றான். வீட்டில் ஒருவர் இறந்திருக்க, வேறொருவர் இறக்கும் கதையை ஏன் ஆடவேண்டும் என்று யான் இளமையில் வியந்ததுண்டு. அதன் விடையை யான் அறிந்தது பின்னரே.

என் பாட்டியாரை யாங்கள் ஆயா என்றே அழைப்போம். அவர் எழுத்தறியாதவர், ஆயினும் பாரதக் கதையை முறை பிறழாது கூற வல்லவர். யான் கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டின் விடுமுறையில், கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் எங்கள் திண்ணையில் அமர்ந்து படித்தேன். இறுதியில் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிர் நீக்கும் இடத்தைப் படித்துக் கண்களைத் துடைத்துக் கொண்டிருந்தபொழுது ஆயா பார்த்துவிட்டார். "அதுல யாரு கண்ணு செத்துட்டாங்க?" என்று கேட்டார். "ஒருவருமில்லை ஆயா, கதைதான்" என்றேன். "கதைன்னா என்ன? எனக்குஞ் சொல்லேன்" என்றார். "பெரிய கதை ஆயா, பிறகு சொல்கிறேன்" என்று கூறி, மீண்டும் முதற்பாகத்தைப் புரட்டலானேன். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. அடுத்த தைத் திங்களில் ஆயா காலமானார்.

யான் விடுதியிலிருந்து ஊர் சேர்ந்தபொழுது எல்லாம் முடிந்திருந்தது. எனக்குக் கண்ணீர் வரவில்லை. இறவாத மணிமேகலைக்கு அழுத எனக்கு, இறந்த ஆயாவுக்கு அழ இயலவில்லையே என்று என்னையே வெறுத்தேன். கருமத்திற்கு முன்னிரவு கர்ண மோட்சம் நடந்தது. கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் வந்தது. எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த முதியவள் ஒருத்தி, "இந்த இடத்துல அவ எப்பவும் அழுவா" என்று மற்றொருத்தியிடம் கூறினாள். அவ்வொரு சொல்லால் என் நெஞ்சின் அடைப்புத் திறந்தது. அன்றிரவு யான் அழுதது கர்ணனுக்கா, ஆயாவுக்கா என்று பிரித்தறிய இயலவில்லை, பிரித்தறிய வேண்டுவதுமில்லை. தன் துயரை நேர்நின்று நோக்க இயலாதவனுக்குக் கதைமாந்தன் ஒருவன் துணையாக வந்து வழி திறக்கின்றான். அதற்காகவே எம் முன்னோர் அக்கூத்தை அவ்விரவில் அமைத்தனர் என உணர்ந்தேன்.

இதனினும் வியத்தகு சான்று ஒன்று தெற்கே உள்ளது. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரையிற் கூத்தாண்டவர் திருவிழா நிகழ்கின்றது. பாரதப் போரின் வெற்றிக்காகத் தன்னையே களப்பலியாக அளித்த அரவானே கூத்தாண்டவர். மறுநாள் மாள இருக்கும் அவனை மணக்க எவரும் முன்வராமையால், கண்ணனே மோகினி வடிவெடுத்து மணந்தான் என்பது இங்கு வழங்கும் கதை. அவ்விழாவிற்குப் பல ஊர்களிலிருந்தும் திருநங்கையர் ஆயிரக்கணக்கில் வந்து, அரவானை மணாளனாகக் கொண்டு தாலி ஏற்கின்றனர். மறுநாள் அரவான் பலியுற்றதும் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளாடை உடுத்து, கைம்பெண்களாகப் புலம்புகின்றனர். உலகத்தாரால் ஒதுக்கப்பட்டோர் பலர், தம்மைப் போல ஒருவராலும் விரும்பப்படாத கதைமாந்தன் ஒருவனிடம் உறவு கொண்டு, தம் வாழ்நாளின் துயரையெல்லாம் அவனுக்காக அழுது ஆற்றுகின்றனர். கதைமாந்தர்மீது கொள்ளும் அன்பு வெறும் பொழுதுபோக்கு என்பார் ஒருமுறை கூவாகம் சென்று காண்பாராக.

இவ்வனுபவத்தை நம் இலக்கண நூலாரும் நுணுகி ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. அழுகை, அச்சம், வெகுளி, உவகை, நகை, பெருமிதம், மருட்கை, இளிவரல் என்னும் எட்டும் அங்கு வகுக்கப்பட்டுள்ளன. இவ்வியலுக்கு உரை கூறும் இளம்பூரணர், செயிற்றியம் என்னும் பழைய நாடகநூலின் கருத்தை எடுத்துக்காட்டுகின்றார். ஆடுவோனிடத்து நிகழ்ந்தது காண்போனையும் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்பது அக்கருத்தின் சாரம். சேர்தல் என்னும் கருத்தை நாம் உற்று நோக்க வேண்டும். துயரம் மேடையிலேயே நின்றுவிடுவதில்லை. நம்மிடம் வந்து சேர்கின்றது. வந்து சேர்ந்தபின் அது நம்முடையதே. ஆதலின் கதை பொய்யாயினும் கண்ணீர் பொய்யன்று. மயிலத்தில் 1938-இல் நிறுவப்பெற்ற தமிழ்க் கல்லூரியில் மாணவர் இவ்வியலை ஏட்டிற் கற்கின்றனர். சுற்றியுள்ள சிற்றூர்களில் கூத்துக் காண்போர் அதனைக் கண்ணீரிற் கற்கின்றனர். பாடம் ஒன்றே.

இதே ஐயத்தை மேல்நாட்டாரும் எழுப்பினர். இல்லாதவள் என்று அறிந்தும் அன்னா கரீனினாவின் முடிவுக்கு நாம் வருந்துவது எங்ஙனம் என்று காலின் ராட்ஃபோர்டு என்னும் தத்துவ ஆசிரியர் 1975-இல் வினவினார். நம் உணர்ச்சியே முரண்பாடுடையது என்பது அவர் முடிவு. மெய்யென நம்பாமல், உள்ளத்திற் கருதுவதே உணர்ச்சி எழப் போதும் என்று பிறர் மறுத்தனர். அவ்வாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை. எம் கூத்தவையோர் வாதத்திற்குக் காத்திராது அழுது முடித்து, விடிந்ததும் வயலுக்குச் சென்றுவிடுகின்றனர்.

அறிவின் எல்லையைக் கடந்து மெய்யாகவே மயங்கியோரும் உண்டு. குலசேகராழ்வார் சேரநாட்டு மன்னராக இருந்த காலத்து, இராமாயண விரிவுரை கேட்டுக் கொண்டிருந்தார் என்றும், கரன் முதலிய பதினாலாயிரம் அரக்கரை இராமன் தனியனாய் எதிர்த்தான் என்ற இடம் வந்ததும், அவனுக்குத் துணை செல்லத் தம் படையைத் திரட்ட ஆணையிட்டார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். விரிவுரையாளர் விரைந்து, இராமன் ஒருவனே அனைவரையும் வென்றான் என்று கூறியபின்னரே மன்னர் அமைதியுற்றார். இசுபானிய ஆசிரியர் செர்வான்டிஸ் 1615-இல் வெளியிட்ட இரண்டாம் பகுதியில், டான் குவிக்சாட்டு என்பான் பொம்மலாட்டம் காண்கின்றான். துரத்தப்படும் காதலரைக் காக்கக் கருதி வாளை உருவிப் பொம்மைகளையெல்லாம் வெட்டி வீழ்த்துகின்றான். பின்னர் மயக்கம் தெளிந்து, பொம்மைகளின் விலையைக் கொடுத்துவிடுகின்றான். ஒருவரை நாம் அன்பின் எல்லை என்று வணங்குகின்றோம். மற்றவனைக் கண்டு நகைக்கின்றோம். எனினும் இருவர் செயலும் ஒரே உந்துதலின் விளைவே. நம்மால் அன்பு செய்யப்பட்டவன் இடருறுகையில் வாளாவிருக்க இயலாமையே அது.

நிற்க. கதைமாந்தர் நம் உள்ளத்தை ஏன் இவ்வளவு எளிதிற் கவர்கின்றனர்? மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, அவர் உள்ளம் நமக்குத் திறந்திருக்கின்றது. உடன்பிறந்தார் நெஞ்சிலும் நாம் அறியாத மூலைகள் பல உள. கதைமாந்தன் உள்ளே நினைப்பதையும் ஆசிரியர் நமக்குக் காட்டுகின்றார். இரண்டாவது, அவரோடு நாம் பழகும் காலம் நெடியது. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கிழமைதோறும் கல்கி இதழில் வெளிவந்தது. வாரந்தோறும் வீட்டிற்கு வந்து, பாதிச் செய்தி கூறி, மறுவாரம் வருவதாக விடைபெற்றுச் செல்லும் விருந்தினன் நான்கு ஆண்டில் உறவினன் ஆகிவிடுகின்றான். மூன்றாவது, ஆசிரியர் கூறாது விட்ட இடத்தையெல்லாம் நாம் நம் வாழ்வால் நிரப்புகின்றோம். குறிப்பிட்டதொரு முகத்தை எழுத்து நமக்குக் காட்டுவதில்லை. நாம் அறிந்த முகத்தையே அதற்கு ஏற்றுகின்றோம். அந்நாவல் 2022-இலும் 2023-இலும் திரைப்படமாக வந்தபொழுது, "இவர் என் வந்தியத்தேவன் அல்லர்" என்று பலர் கூறினர். அவர் கூறியது உண்மையே. ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒவ்வொரு வந்தியத்தேவன் உளன்.

அச்சு நூல் நம் நாட்டில் இவ்வன்பிற்குப் புதியதோர் இருப்பிடத்தை அமைத்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் அதுவே. அது முதலாக, ஊரவையிற் பலரோடு கேட்ட கதையை விளக்கடியில் ஒருவனாகப் படிக்கும் பழக்கம் பெருகிற்று. அன்பு குறையவில்லை, அதன் வெளிப்பாடு மாறியது. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' படித்தோர் தம் குழந்தைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயரிட்டனர். கல்கியின் வாசகர் வந்தியத்தேவன் சென்ற வழியே பழையாறைக்கும் கோடிக்கரைக்கும் பயணம் செய்கின்றனர். இங்கிலாந்தில், துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் மாண்டதாகக் கானன் டாயில் 1893-இல் எழுதியபொழுது, வாசகர் வெகுண்டு ஆசிரியருக்குக் கடிதங்கள் எழுதினர். இதழை நிறுத்தியோரும் உண்டு. 1903-இல் ஆசிரியரே அவனை உயிர்ப்பித்து எழுத நேர்ந்தது.

ஆயினும் ஊரவையிற் கேட்பதற்கும் தனித்துப் படிப்பதற்கும் இடையே ஒரு பெருவேறுபாடு உண்டு. இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவே. கூத்தவை துயரை எழுப்பிவிட்டு, மக்களை நட்டாற்றில் விட்டுச் செல்வதில்லை. அழுவோர்க்கு அருகில் அழுவோர் உளர். படுகளத்திற்குப் பின் கூந்தல் முடிப்பும், தீமிதியும், பட்டாபிடேகமும் உண்டு. கூவாகத்தில் தாலியறுத்தோர் நீராடி ஊர் திரும்புகின்றனர். குலசேகரர்க்கு உரை கூறியவர், மன்னரின் கலக்கம் கண்டதும் வெற்றிச் செய்தியை விரைந்துரைத்தார். துயரை எழுப்பவும் அதற்குக் கரை காட்டவும் வல்லதே அவைமரபு. தனித்துப் படிப்பவனுக்கோ அருகில் ஒருவரும் இலர். நூலின் கடைசிப் பக்கத்திற்குப் பின் வெறுந்தாளே உள்ளது. அவன் துயர்க்குக் கரையை அவனே தேடிக்கொள்ளல் வேண்டும்.

தேடாதவழி இரண்டு கேடுகள் நேரும். ஒன்று, கதையினுள்ளேயே தங்கிவிடுதல். செருமானியக் கவிஞர் கெதே 1774-இல் வெளியிட்ட 'இளைஞன் வெர்தரின் துயரங்கள்' என்னும் நாவலைப் படித்த இளைஞர் பலர், அவனைப் போலவே நீல மேற்சட்டையும் மஞ்சள் உட்சட்டையும் அணிந்து திரிந்தனர். காதல் கைகூடாது தன்னுயிரை மாய்த்துக்கொண்ட அவன் முடிவையும் பின்பற்றுவரோ என்னும் அச்சத்தால், இலைப்சிக்கு நகரத்தார் 1775-இல் அந்நூலைத் தடை செய்தனர். மற்றையது, கதைமாந்தர்க்கு அழுவதனாலேயே தன்னை இரக்கமுடையவன் என்று கருதி அமைந்துவிடுதல். உளநூல் வல்லுநர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட நூலில் இதற்கு மறக்க இயலாத எடுத்துக்காட்டு ஒன்று தருகின்றார். உருசியச் சீமாட்டி ஒருத்தி நாடக அரங்கினுள்ளே கற்பனை மாந்தர்க்காகக் கண்ணீர் வடிக்கின்றாள். வெளியே அவள் வண்டியோட்டி பனியில் விறைத்து மடிகின்றான்! திண்ணையில் மணிமேகலைக்கு அழுதுகொண்டே, அருகிருந்த ஆயாவைப் 'பிறகு' என்று தள்ளிய யான் அச்சீமாட்டியினும் எவ்வகையில் உயர்ந்தவன்?

கதை படித்தல் இரக்கத்தைத் தானே வளர்த்துவிடும் என்று நம்புவோரும் உளர். இலக்கியக் கதைகளைச் சிறுபொழுது படித்தோர் பிறர் உள்ளக் குறிப்பை உணர்வதில் மேம்பட்டனர் என்று 2013-இல் அமெரிக்காவில் ஆய்வாளர் இருவர் அறிவித்தனர். 2016-இல் வேறு ஆய்வாளர் அச்சோதனையை மீண்டும் செய்தபொழுது அப்பயன் புலப்படவில்லை. இதனால் நாம் அறியத்தக்கது யாது? நூல் நம் நெஞ்சை உழுது பண்படுத்தலாம். விதைக்க வேண்டியவர் நாமே.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது என்ன? கதைக்காக அழுவதை விட்டொழிக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. அழ இயலாத நெஞ்சம் படித்தும் பயனில்லை. முதலாவது, அவ்வழுகைக்கு நாணாதிருத்தல் வேண்டும். தொல்காப்பியர் இயல் வகுத்துக் கூறிய ஒன்றுக்கு நாம் நாணுவது எதற்கு? இரண்டாவது, படித்ததை ஒருவரிடமேனும் கூறுதல் வேண்டும். ஒரு நூலைப் படித்த இருவர் அமர்ந்து உரையாடினால், அவ்விடமே ஒரு சிறு கூத்தவை ஆகிவிடும். நம் கல்லூரி விடுதியில் அதற்கு இடமும் உண்டு, பொழுதும் உண்டு. மூன்றாவது, ஜேம்ஸ் கூறும் மருந்து. அரங்கில் எழுந்த நல்லுணர்ச்சி எதுவாயினும் அதனைப் பின்னர் ஒரு செயலாக்காது விடலாகாது என்கின்றார் அவர். பெருஞ்செயல் வேண்டுவதில்லை, வீட்டிலுள்ள முதியவளிடம் இன்சொற் கூறுவதும், வண்டியில் ஒருவர்க்கு இருக்கையை விட்டுக்கொடுப்பதும் போதும் என்பது அவர் துணிபு. கர்ணனுக்கு அழுதவன், பிறப்பால் இழித்துரைக்கப்படும் தன் வகுப்புத் தோழன் பக்கத்தில் சென்று அமர்வானாயின், அக்கண்ணீர் கரை சேர்ந்தது எனலாம். அரவானுக்காக உருகுபவன், தெருவில் எதிர்ப்படும் திருநங்கையை ஏளனம் செய்வானாயின், அவன் கதையைக் கேட்டவனே அல்லன்.

சென்ற விடுமுறையில் யான் ஊர் சென்றிருந்தபொழுது, மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து என் தாயாருக்குப் பொன்னியின் செல்வன் கதையைக் கூறலானேன். அண்டை வீட்டுப் பெண்கள் இருவரும் நாளடைவில் வந்து சேர்ந்தனர். கதை இன்னும் இரண்டாம் பாகத்தையே எட்டியுள்ளது. புறப்படும் நாளன்று, "அந்தப் பூங்குழலிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லாமப் போறியே" என்று ஒருவர் குறைப்பட்டுக் கொண்டார். அடுத்த விடுமுறையில் அக்கடனைத் தீர்ப்பதாகக் கூறி வந்துள்ளேன். ஆயாவுக்குத் தீர்க்காத கடன் அது. எதிரே சூரன் மயிலாகி நிற்கும் அம்மலை மாலை வெயிலில் விளங்கிக் கொண்டிருந்தது.

அன்புடைய மாணவ நண்பர்களே! நூல்களை விரும்பிப் படியுங்கள். அவற்றில் வாழ்வோரை அன்பு செய்யுங்கள். அவர்க்காக அழவும் செய்யுங்கள். அழுது முடித்தபின் நூலை மூடித் தலை நிமிர்ந்து பாருங்கள். "அதுல யாரு செத்துட்டாங்க?" என்று கேட்க ஒருவர் அருகில் இருப்பாராயின், அவர்க்கு மறுமொழி கூறுவதைப் 'பிறகு' என்று ஒத்தி வையாதீர்கள்.